ஆறாவது படிக்கிற பொண்ணுக்கு சின்ன லேப்டாப்: வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: சார், பொண்ணு ஆறாவது படிக்குது. காட்பாடில ஒரு கடைல சின்ன லேப்டாப் வாங்கினோம், 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், விண்டோஸ் 11. கொஞ்ச நாள்லயே இடமில்ல இடமில்லன்னு வருது, ஆன் ஆவறதுக்கே நேரம் புடிக்குது. தம்பி விண்டோஸ எடுத்துட்டு அதுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுடலாம்க்கான்றான், வீட்டுக்காரர் வித்துட்டு பெருசா வாங்கலாம்ன்றாரு. யூடியூப்லயே உக்காந்துக்குமோன்னு எனக்கு வேற பயம். இன்னா பண்ணட்டும்?
வாசகி, குடியாத்தம்

பதில்: விக்க வேணாம்மா. ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு இந்த மெஷினே போதும், அதுக்குள்ள இருக்கிற சுமைய குறைக்கணும், அவ்வளவுதான்.

பெட்டி மேல 64 ஜிபின்னு இருந்தாலும் விண்டோஸ் காட்டுறது 59 சொச்சம் தான், அதுல பாதிக்கு மேல விண்டோஸும் கூட வர்ற சாமானும் புடிச்சுக்கும், பெரிய அப்டேட் ஒண்ணு வந்தா நிக்க இடமிருக்காது. இந்த விலை லேப்டாப்ல பெரும்பாலும் ஸ்டோரேஜ் போர்டோட சால்டர் பண்ணியிருக்கும், மாத்த முடியாது, பல மாடல்ல ரேமும் அப்படித்தான். ரேம் ஏத்தித் தர்றேன்னு யாராவது காசு கேட்டா முதல்ல ரேம் சொருகற ஸ்லாட் இருக்கான்னு கேட்டுக்கோங்க.

செட்டிங்ஸ்ல சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ்னு போங்க, பழைய விண்டோஸ் அப்டேட் மிச்சமெல்லாம் அங்க கிடக்கும், டிக் பண்ணி தூக்கிடுங்க. ஆனா அந்த லிஸ்ட்லயே டவுன்லோட்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதுல டிக் இருந்தா நீங்க எறக்கி வச்ச ஃபைலும் சேந்து போயிடும், பாத்து எடுங்க. கம்பெனிக்காரன் போட்டு அனுப்புற ட்ரையல் ஆன்டிவைரஸ எடுத்துடலாம், விண்டோஸோட டிஃபெண்டர் தானா வேலைய எடுத்துக்கும், இந்த வயசுக்கு அது போதும். டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப்னு இருக்கும், ஆன் பண்ணதுமே தானா எழுந்திரிக்கிற ஆப்லாம் அங்க நிறுத்துங்க, பாதி மந்தம் அங்கயே போயிடும். படம், பாட்டு, பிடிஎஃப் எல்லாம் மெமரி கார்டுக்கு மாத்திடுங்க. தமிழ்நாடு பாடநூல் முழுக்க பிடிஎஃப்பா இலவசமா கிடைக்குது, ஆறாவது புஸ்தகம் மொத்தமும் கார்டுல போட்டுட்டா நெட் இல்லாத நேரத்துலயும் படிக்கும்.

அடுத்தது அக்கவுண்ட், இத மட்டும் தள்ளிப் போடாதீங்க. எல்லாத்தையும் மாத்துற உரிமை இருக்கிற அட்மின் அக்கவுண்ட் உங்க பேர்ல இருக்கட்டும், பொண்ணுக்கு உண்மையான வயசு போட்டு மைக்ரோசாஃப்ட்ல சைல்ட் அக்கவுண்ட் தனியா போடுங்க. வயசு கூட்டிப் போட்டா பிள்ளைங்களுக்கான பாதுகாப்பு சரியா வேலை செய்யாது. ஃபேமிலி சேஃப்டி ஆப்ப உங்க போன்ல வச்சுக்கிட்டா ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், எந்த சைட்னு நீங்களே வைக்கலாம். வெப் ஃபில்டர் எட்ஜ் பிரவுசர்ல தான் வேலை செய்யும், அத ஆன் பண்ணா குரோம் திறக்கலன்னு பொண்ணு வந்து நிக்கும், ரிப்பேர்னு நினைச்சு கடைக்கு தூக்கிட்டு ஓடாதீங்க. என்னதான் ஃபில்டர் போட்டாலும் லேப்டாப் கூடத்துல எல்லாரும் நடமாடுற எடத்துல இருக்கட்டும், ரூமுக்குள்ள போகவே வேணாம்.

யூடியூப் பயம் நியாயம் தான், ஆனா பூட்டு மட்டும் போட்டா பத்தாது, அதுல செய்யறதுக்கு பிள்ளைக்கு வேலை இருக்கணும். படம் வரையற டக்ஸ் பெயிண்ட், புரோகிராமிங் பழக்குற ஸ்க்ராட்ச் ரெண்டும் இலவசம், இன்ஸ்டால் பண்ணிட்டா நெட் கூட வேணாம். ஸ்க்ராட்ச்ல திரையில கட்டை கட்டையா இருக்கிற கட்டளைய கோத்து கோத்து சின்னதா ஒரு கேம் தானே பண்ணிட்டா அந்தப் பிள்ளைய புடிக்க முடியாதும்மா.

தமிழ் டைப்பிங் கண்டிப்பா பழக்குங்க. விண்டோஸ்ல லாங்குவேஜ் போயி தமிழ் சேத்து, கீபோர்டுல தமிழ்99 எடுத்தா போதும், வேற எதுவும் எறக்க வேணாம், விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேத்து அமுக்கினா மாறிக்கும். இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு தமிழாக்குற முறை பெரியவங்களுக்கு சுலபம், ஆனா புதுசா கத்துக்கிற பிள்ளைய அந்தப் பக்கம் விடாதீங்க, அம்மான்னு எழுத இங்கிலீஷ்ல யோசிக்க வேண்டி வரும். தமிழ்99, 1999ல தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட அமைப்பு, உயிரெழுத்து இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. அ, ம, ம, ஆ அடிச்சா அம்மா வந்துடும், புள்ளி தானா விழும். தெனம் கொஞ்ச நேரம் பாடத்துலேர்ந்து ஒரு பத்தி அடிக்கச் சொல்லுங்க, விரல் தானா போற எடம் தெரிஞ்சுக்கும்.

தம்பி சொல்ற லினக்ஸ் நல்ல யோசனை தான். அதுல லேசான வகையான லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ 4 ஜிபில நல்லாவே ஓடும், பென்டிரைவ்ல போட்டு இன்ஸ்டால் பண்ணாமலே பாக்கலாம், வைஃபை, சவுண்டு, கேமரா மூணும் வேலை செய்யுதான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஆனா மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி அதுல கிடையாது, அதனால முதல்ல மேல சொன்னத செஞ்சு பாருங்க, அப்பவும் திணறுச்சுன்னா தம்பிகிட்ட குடுங்க.

நம்ம ஊர் வெயில் வேற, அக்னி நட்சத்திரத்துல கேக்கவே வேணாம். இந்த சின்ன லேப்டாப் நிறையத்துல ஃபேனே இருக்காது, சூடானா தானா வேகத்த குறைச்சுக்கும். மெத்தை மேல, தலகாணி மேல வைக்க விடாதீங்க, ஒரு பலகை இருந்தா போதும்.

கேள்வி: அக்காவுக்கு ஸ்கூல்ல குடுத்த இலவச லேப்டாப் வீட்ல சும்மா கெடக்குது. எட்டாவது படிக்கிற தம்பிக்கு குடுக்கலாமா?
வாசகர், வாலாஜா

பதில்: தாராளமா. 2011ல ஆரம்பிச்ச திட்டத்துல வந்த பழைய லேப்டாப்ல விண்டோஸ் 11 ஏறாது, விண்டோஸ் 7க்கு 2020லயே, 10க்கு 2025 அக்டோபர்லயே சாதாரண சப்போர்ட் முடிஞ்சுது, அதனால உங்களுக்கு லினக்ஸ் தான் சரி. உள்ள இருக்கிறது பழைய ஹார்ட் டிஸ்க்னா கழட்டிட்டு, அதே எடத்துல பொருந்துற வேகமான ஸ்டோரேஜ், 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு போடுங்க, ரேமுக்கு முன்னாடி அதுக்கு தான் செலவு பண்ணணும். பேட்டரி உப்பி இருந்தா மட்டும் சார்ஜ்ல போடவே போடாதீங்க, முதல்ல அத மாத்திட்டு தான் மத்தது.