அயிரை வளர்க்க முதலில் மணல் வேண்டும்

கேள்வி: தேனிப் பக்கம் தோட்டத்தில் புதிதாக சிமெண்ட் தொட்டி கட்டி, சந்தையில் உயிரோடு வாங்கிய அரைக் கிலோ அயிரையை விட்டேன். மூன்றே நாளில் பாதி செத்துவிட்டது. மிச்சம் மேலே வந்து வாயைத் திறக்கிறது. காற்று பம்ப் போட்டால் சரியாகுமா?

பதில்: பம்ப் போடுங்கள், தப்பில்லை. ஆனால் கோளாறு அங்கே இல்லை. அயிரை விர்ரென்று மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்குவது அதன் இயல்பு. செவுள் போதாதபோது குடல் வழியாகவும் மூச்சு வாங்கும். கொஞ்சம் தண்ணீரிலேயே சந்தை வரை உயிரோடு வருவது அதனால்தான். இறங்காமல் மேலேயே தொங்கிக்கொண்டிருந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

புதுத் தொட்டியில் சுண்ணாம்பு கசியும். இரண்டு மூன்று வாரம் தண்ணீரை நிரப்பி நிரப்பி வடித்துவிட வேண்டும். அதோடு, அரைக் கிலோ என்றால் நூற்றுக்கணக்கில் மீன். அத்தனையும் ஒரே நாளில் இறங்கினால் அவற்றின் கழிவே அவற்றைக் கொன்றுவிடும். கொஞ்சமாக விட்டுப் பாருங்கள்.

அப்புறம், தொட்டியில் மணல் போட்டீர்களா? வைகை போன்ற ஆறுகளில் ஆழமில்லாத மணல் படுகைதான் இதன் வீடு. ஆள் நிழல் பட்டாலே மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். இரையும் மணலில்தான்: வாயால் அள்ளி, பாசியையும் புழுவையும் சலித்துக்கொண்டு மணலைச் செவுள் வழியே துப்பிவிடும். மணல் அள்ளிய ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் அயிரை குறைந்துபோவதில் ஆச்சரியமே இல்லை. கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வேண்டாம், முனை கூர்மையாக இருக்கும், மீனின் வாயோர மீசை தேயும். நன்றாக அலசிய நைஸ் ஆற்று மணல் நான்கு விரல் உயரம், அதன்மேல் ஒரு அடி தண்ணீர் போதும்.

வலையால் பிடிக்காதீர்கள். கண்ணுக்குக் கீழே இரட்டை முனையுள்ள சின்ன முள் ஒன்று உண்டு. பயந்தால் அதை விறைத்துக்கொள்ளும், வலைக்கண்ணில் மாட்டிக் கிழியும். மக்கில் தண்ணீரோடு மொண்டு எடுங்கள். விரால், கெளுத்தி இருக்கிற இடத்தில் விடவே வேண்டாம்.

ஊறவைத்த தவிடும் கடலைப் பிண்ணாக்கும் மாலையில் ஒரு கைப்பிடிக்கும் குறைவாகப் போதும். மழைக்காலத்தில் புதுத்தண்ணீர் வரும்போது முட்டையிடும் மீன் இது. தேங்கிய தொட்டியில் தானாகப் பெருகும் என்று நம்பி வியாபாரக் கணக்குப் போட வேண்டாம்.

மிச்சமிருப்பதை இன்றே அகலமான பிளாஸ்டிக் டப்பில் மணல் போட்டு, வெயிலில் வைத்து, பிறகு ஆறவிட்ட கிணற்றுத் தண்ணீருக்கு மாற்றிவிடுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் கூடாது.