‘அது வேறு விஷயம்’ என்று எழுதிய சகோதரிக்கு

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு,

என் கணவர் தீயணைப்புத் துறையில் இருக்கிறார். ஊரில் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். வீட்டுக்குள் வந்து பார்த்தால்தான் எங்கள் பாடு தெரியும். போன கோடையில் ஒரு வீட்டு சம்ப்பில் விழுந்த குழந்தையை இவர்தான் இறங்கி எடுத்தார். உயிர் இல்லை. அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டார். பதினாறு வருடமாகக் கிணற்றிலிருந்தும் ஏரியிலிருந்தும் எத்தனையோ பிணங்களைத் தூக்கியவர்தானே? இதற்கு மட்டும் என்ன? விழுந்தது நம் பிள்ளையா?

தினமும் நடுராத்திரி எழுந்து போய் எங்கள் சம்ப் மூடியைக் காலால் அழுத்திப் பார்க்கிறார். வந்து படுக்கிறார். மறுபடி எழுந்து போகிறார். என் தங்கையின் வளைகாப்புக்கு வரவில்லை. குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டினோம், அதற்கும் வரவில்லை. சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறார். போன மாதம் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தார். மாமியார் காத்துக் கருப்பு என்று சொல்லிக் கயிறு கட்டிவிட்டார். டாக்டரிடம் போகலாம் என்றால், “துறையில் தெரிந்தால் பைத்தியம் என்று ஒதுக்கிவிடுவார்கள்” என்கிறார். நெருப்புக்குள் நுழைகிற மனிதருக்கு ஒரு மூடியைப் பார்த்து என்ன பயம் என்று கேட்டேவிட்டேன். அதன் பிறகு என்னிடம் பேச்சே குறைந்துபோயிற்று.

என் பெண் இருப்பதால்தான் வண்டி ஓடுகிறது. ஆறாம் வகுப்புதான், ஆனால் அத்தனை சமர்த்து. அப்பாவின் பைக் சத்தம் கேட்டதும் டிவியை நிறுத்திவிட்டுத் தம்பியை உள்ளே அனுப்பிவிடுவாள். வாசலில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அடுக்களைக்கு வந்து, “இன்றைக்குப் பேசலாம் அம்மா” என்றோ “இன்றைக்கு வேண்டாம்” என்றோ சொல்வாள். ராத்திரி அவர் எழுந்தால் கூடவே போய் டார்ச் பிடிக்கிறாள். வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார், அது வேறு விஷயம். தங்கை வளைகாப்புக்கு இவர் வராததைத்தான் என்னால் மறக்கவே முடியவில்லை. நான் என்ன செய்யட்டும்?

பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

அன்புச் சகோதரி,

வளைகாப்பை இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். டீச்சர் கூப்பிட்டதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

உங்கள் வீட்டில் முறைப்பணி பார்ப்பவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது. இன்னொருத்தி ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பைக் சத்தத்துக்குக் காது கொடுத்து, அப்பா முகத்தைப் பார்த்து நிலவரம் சொல்லி, தம்பியை மறைத்து, ராத்திரி டார்ச்சும் பிடிக்கிற பிள்ளையைச் சமர்த்து என்கிறீர்கள். எனக்கு அவள் பயந்துபோன பிள்ளையாகத் தெரிகிறாள். பயந்த பிள்ளைகள் எல்லோரும் அழுவதில்லை. சிலர் ஓசைப்படாமல் பெரியவர்களாகிவிடுகிறார்கள். அவளை வாசலில் காவலுக்கு நிறுத்தியதில் அவருக்கு மட்டுமல்ல, அவள் கொண்டுவரும் சேதிக்காக அடுக்களையில் காத்திருக்கும் உங்களுக்கும் பங்கு உண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்களும் களைத்துப்போயிருக்கிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனாலும் அந்த வேலையை அவளிடமிருந்து இன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அவர் வந்தால் வாசலுக்கு நீங்கள் போங்கள். முகத்தைப் பார்ப்பதும், பேசலாமா என்று முடிவு செய்வதும் உங்கள் பொறுப்பு. மகளிடம், “அப்பாவுக்கு மனத்தில் ஒரு காயம். அதற்கு நீ காரணமில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன், நீ தூங்கு” என்று சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் நம்ப மாட்டாள்.

விழுந்தது நம் பிள்ளையா என்று கேட்டிருந்தீர்கள். நேரில் பார்க்காமல் அவருக்கு இன்ன நோய் என்று நான் முத்திரை குத்தக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியவை பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலோடு பெரும்பாலும் பொருந்துகின்றன. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகுதான், 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் இதைத் தன் கையேட்டில் தனி நோயாகச் சேர்த்தது. தனக்கு நேர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை, வேலையின் பொருட்டு இத்தகைய கோரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொண்டாலும் வரலாம் என்கிறது அதன் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கு அது காட்டும் உதாரணங்களில் ஒன்றே, இறந்தவர்களின் உடல்களை எடுக்கும் மீட்புப் பணியாளர்கள்தான். பதினாறு வருடத்தில் அவருக்கு எல்லாம் பழகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள். நான் அத்தனையும் உள்ளே சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நெருப்புக்குள் நுழைபவருக்கு மூடியைப் பார்த்து என்ன பயம் என்ற கேள்வி அவரை நன்றாகவே சுட்டிருக்கும். நெருப்பில் அவருக்குச் செய்ய வேலை இருக்கிறது. கூட ஆட்கள் இருக்கிறார்கள், தண்ணீர் இருக்கிறது. அந்த சம்ப்பில் இறங்கியபோது செய்வதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. உங்கள் வீட்டு மூடியில்தான் அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அவர் அதை அழுத்திப் பார்ப்பது கோழைத்தனம் இல்லை. மூடிக்குப் பூட்டு போட்டாலும் தீராது. அப்போது பூட்டை இழுத்துப் பார்ப்பார். அதற்குச் சிகிச்சைதான் வேண்டும். அந்தக் கேள்விக்காக அவரிடம் வருத்தம் தெரிவியுங்கள்.

துறைக்குத் தெரிந்துவிடும் என்ற அவருடைய பயத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கக் கேட்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. முதலில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குத் தொலைபேசியில் பேசட்டும். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள். அடுத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. இதற்கென்றே பேச்சுவழிச் சிகிச்சைகள் இருக்கின்றன. கயிறு கையில் இருந்துவிட்டுப் போகட்டும், மாமியாரோடு அதற்காகச் சண்டை வேண்டாம்.

இன்னொன்று. உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தட்டை எறிந்ததற்கு நோயைக் காரணம் சொல்லலாம், ஆனால் பிள்ளைகள் எதிரில் அது இனி நடக்கக் கூடாது என்று அவர் அமைதியாக இருக்கும்போது சொல்லிவிடுங்கள். கை ஓங்கினால் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள், பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

இந்த வாரமே அந்த டீச்சரைப் போய்ப் பாருங்கள். அவள் ஏன் தூங்கி விழுகிறாள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வளைகாப்புக் கதையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.