தரைக்கடியில் ஊறும் தண்ணீர்: போர் போட்டால் வடியுமா?

கேள்வி: மேலப்பாளையத்தில், பாளையங்கால்வாயிலிருந்து நாலு வீடு தள்ளி எங்கள் வீடு. ஐப்பசி, கார்த்திகையில் டைல்ஸ் இடுக்கில் தண்ணீர் கசிகிறது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் உரிகிறது. உள்பக்கம் கெமிக்கல் அடித்து, முற்றத்தில் ஒரு போரும் போட்டு இறைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு காண்ட்ராக்டர் இரண்டரை லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அண்ணாச்சி. முதலில் அந்தப் போரை மறந்துவிடுங்கள். போர் போடும்போது மேல்மண் சரியாமலிருக்கக் கேசிங் பைப் இறக்குவார்கள், பாறை தட்டுகிற வரை அது போகும். அதற்குக் கீழே பாறை வெடிப்பில் இருக்கிற தண்ணீர்தான் மோட்டாரில் ஏறும். உங்கள் தரையை நனைப்பதோ மேலே சில அடிக்குள், இறங்க வழியில்லாமல் மண்ணில் தேங்கி நிற்பது. அதைக் கேசிங் உள்ளே விடாது. நாள் முழுக்க மோட்டார் ஓடும், கரண்ட் பில் ஏறும், டைல்ஸ் பாட்டுக்குக் கசியும். அடிக்கணக்கில் கமிஷன் பார்க்கிற ஏஜென்ட் இதைச் சொல்லவே மாட்டார்.

கெமிக்கலும் அப்படித்தான். தண்ணீர் வெளியிலிருந்து தள்ளும்போது உள்பக்கம் பூசினால், ஒன்று பூச்சு கொப்பளித்துக் கழன்றுவிடும், இல்லாவிட்டால் ஈரம் இன்னும் மேலே ஏறி இடுப்புயரத்தில் உப்புப் பூக்கும். பத்து வருஷம் கியாரண்டி என்று தாளில் எழுதிக் கொடுப்பார்கள், இரண்டாவது மழைக்கு அந்த போன் நம்பர் இருக்குமா பாருங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? கால்வாயில் தண்ணீர் நிறுத்தியிருக்கிற சித்திரையிலும் தரை ஈரமாக இருக்கிறதா என்று யோசியுங்கள். இருந்தால் அது ஊற்று இல்லை, உங்கள் சம்போ பைப்போ செப்டிக் டேங்கோ ஒழுகுகிறது. ராத்திரி சம்பை நிரப்பி, எல்லா வால்வையும் அடைத்து, தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டுவையுங்கள், மட்டம் இறங்கி சம்பு ஒழுகுகிறதா என்று காலையில் தெரிந்துவிடும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பிசான நெல் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் ஓடி, வடகிழக்கு மழையும் சேர்கிற நாளில்தான் கசிகிறது. அப்படியானால் நிலத்தடி மட்டம் ஏறுகிறது, அதை வீட்டுக்கு வெளியிலேயே பிடித்து வடிக்க வேண்டும்.

சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வாய்க்கால் மாதிரி தோண்டுங்கள். வீட்டுத் தரையை விட ஒன்றரை, இரண்டடி கீழே போனால் போதும், அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் போகவே கூடாது. அதில் தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, துளை போட்ட நாலு இஞ்ச் பிவிசி பைப்பை நூறடிக்கு ஓரடி வாட்டத்தில் வைத்து, சுற்றிலும் ஜல்லி கொட்டித் துணியை மடித்து மூடுங்கள். துணியை மிச்சம் பிடித்தால் வண்டல் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் போய்ச் சேரத் தெருச் சாக்கடை பள்ளமாக இருந்தால் நல்லது. எங்கே இருக்கிறது? பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ரோடு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே எழுத்தில் சொல்லியும், மேலே மேலே போட்டு வீட்டுப் படியை முழுங்குகிற வேலை நிற்கவில்லை. மனு கொடுங்கள், ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். மூலையில் குழி வெட்டி சிமெண்ட் உறை இறக்கி, பைப்பை அதில் விட்டு, தண்ணீர் ஏறினால் தானாக ஓடுகிற மிதவை சுவிட்ச் வைத்த சின்ன மோட்டாரை வைத்துவிடுங்கள்.

இதைப் படித்துவிட்டு மானூர், கங்கைகொண்டான் பக்கத்துக் கரிசல்காட்டு வீட்டுக்காரர்கள் யாரும் தோண்டக் கிளம்பிவிடாதீர்கள். கரிசல் நனைந்தால் உப்பிப் பெருகும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அங்கே ஆபத்து ஈரத்தைவிட ஈரம் மாறிக்கொண்டே இருப்பதுதான். ஒரு பக்கம் மட்டும் வடித்துக் காயவைத்தால் அந்தப் பக்கம் மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்கி, மூலையில் கதவு பிடித்துக்கொள்ளும், ஜன்னல் மேலே சாய்வாக விரிசல் விடும். அவர்கள் வீட்டைச் சுற்றி ஆறடி அகலத்துக்கு வெளிப்பக்கம் வாட்டமாகத் தளம் போட்டு மழைத்தண்ணீரை ஒதுக்கினால் போதும், சுவரோரம் வேம்பு வைக்கவும் வேண்டாம். மண் எது என்று சந்தேகமாக இருந்தால் ஒரு குழி வெட்டிப் பார்த்துவிட்டு, தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

அப்புறம், மழைநீர்த் தொட்டி. 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றதும் அவசரத்தில் சுவரை ஒட்டியே குழி போட்டவர்கள் ஏராளம், உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால் மொட்டைமாடித் தண்ணீர் முழுவதும் நேராக அஸ்திவாரத்துக்குத்தான் போகிறது. அந்தக் குழாயைத் திருப்பிவிடுங்கள். அடைமழையில் சம்பைக் காலி செய்து கழுவவும் வேண்டாம், காலியான தொட்டியை நிலத்தடித் தண்ணீர் மேலே தூக்கிவிடும், 2023 டிசம்பர் மாதிரி மழை வந்தால் கேட்கவே வேண்டாம்.

சுவரை இப்போது தொடாதீர்கள். வடிகால் வேலை முடிந்ததும் உப்புக் கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்திவிட்டு, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, பிறகு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.