கேள்வி நேரம்: மதிப்பெண்ணா, பாட்டா?

கேள்வி: பிரிட்டிஷ் ராக் இசைக்குழு ரேடியோஹெட்டின் பாடகர் டாம் யார்க்கின் தனி ஆல்பம் ‘தி இரேசர்’. ஒரு விமர்சகர் புகழ்கிறார், இன்னொருவர் உதட்டைப் பிதுக்குகிறார். யாரை நம்புவது?
- வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மதிப்பெண்ணை விடுங்கள், குறை எதைப் பற்றியது என்று பாருங்கள். 2006 ஜூலையில் வந்த ஆல்பம் இது. தயாரிப்பாளர், ரேடியோஹெட் ஆல்பங்களைத் தயாரித்த அதே நைஜல் காட்ரிச். அதனால் பலர் அதே இசைக்குழுவின் ஒலியை எதிர்பார்த்துப் போனார்கள். கிடைத்ததோ லேப்டாப்பில் வெட்டி ஒட்டிய தாளமும் குரலும். ‘டிரம்ஸ் எங்கே, கிடார் எங்கே’ என்ற புலம்பல் ஆல்பத்தின் குறை ஆகாது. ‘மெட்டு நகரவே இல்லை’ என்பது நியாயமான குறை. சில பாடல்களுக்குப் பொருந்தவும் செய்யும்.

இசை விமர்சன இணையதளமான பிட்ச்ஃபோர்க் 10-க்கு 6.6 தான் கொடுத்தது. ஆனால் அதே ஆண்டு, பிரிட்டனில் சிறந்த ஆல்பத்துக்குத் தரப்படும் மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியலில் இடம், பிரிட்டனில் விற்பனையில் 3-ஆம் இடம்.

மொபைல் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு முடிவுக்கு வராதீர்கள். அதில் அடித்தள ஒலி அநேகமாக வராது; ‘ஹாரோடவுன் ஹில்’ பாட்டின் உயிரே அந்த பேஸ் கிடார்தான். சுமாரான ஹெட்போன் போதும், ஒலியின் அளவுகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி தரும் மெட்டாகிரிட்டிக் இணையதளத்தில் சில ஆல்பங்களுக்குச் சராசரியே இல்லையே?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: குறைந்தது 4 விமர்சனம் சேர வேண்டும். அதுவும் நேர் சராசரி அல்ல. சில பத்திரிகைகளுக்கு எடை கூடுதல். ரசிகர் மதிப்பெண் தனிக் கணக்கு. முதல் வாரத்தில் அதை நம்பாதீர்கள், முதலில் ஓடி வருவது தீவிர ரசிகர்கள்தான்.