20 வருட அனுபவத்தில் விசாவுக்குக் கணக்கில் வருவது எவ்வளவு?

குன்னூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "ஐயா, நான் 20 வருடமாக டீ டேஸ்டர். ஆரம்பத்தில் உள்ளூர் புரோக்கர் கம்பெனிகளில் இருந்தேன். பிறகு ஒரு பன்னாட்டுத் தேயிலை கம்பெனியின் குன்னூர் கிளையில் ஏஜென்சி மூலமாக 2 வருடம். கம்பெனி ரோலில் எடுத்து இன்றோடு 426 நாள். நடுவில் பி-1 விசாவில் நியூஜெர்சி ஆபீசுக்குப் போய் 86 நாள் இருந்துவிட்டு வந்தேன். இப்போது எல்-1 விசாவில் அங்கேயே மாற்றப் போகிறார்கள். அடுத்த வாரம் மனு போடுகிறோம் என்கிறார்கள். படிப்பு பி.எஸ்சி. தாவரவியல். மனைவி ஆசிரியை, மகனுக்கு 20 வயது, மகள் பிளஸ் 1. 2 ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. இன்டர்வியூவுக்குப் பட்டா, சிட்டா எல்லாம் கொண்டு போக வேண்டுமா?"

பட்டாவைப் பிறகு பார்ப்போம். முதலில் உங்கள் கம்பெனி ஆட்களிடம் பேசி அடுத்த வாரம் போடும் மனுவை நிறுத்துங்கள். விசாவுக்கு வேண்டிய நாள் கணக்கு உங்களுக்கு இன்னும் நிறையவில்லை.

எல்-1 என்பது வெளிநாட்டுக் கிளையில் இருப்பவரை அதே நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைக்கு மாற்றுவதற்கான விசா. மனு போடும் தேதிக்கு முந்தைய 3 வருடத்துக்குள், தொடர்ச்சியாக ஒரு வருடம் அந்த நிறுவனத்திலோ அதன் தாய், கிளை, துணை நிறுவனத்திலோ அமெரிக்காவுக்கு வெளியே வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில் இருந்த நாட்களால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடாது. ஆனால் அந்த நாட்கள் கணக்கிலும் ஏறாது. ஆக, 426-ல் 86 போனால் 340. இன்னும் 25 நாள் வேண்டும். அந்த ஒரு வருடம் மனு போய்ச் சேரும் நாளிலேயே நிறைந்திருக்க வேண்டும், நடுவில் நிறைந்துவிடும் என்ற சமாதானம் எடுபடாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒன்றரை மாதம் பொறுப்பேன். கம்பெனி வேலையாகக் கொழும்பு கிளைக்கு எப்போதாவது போயிருந்தால் அந்த நாட்களைக் கழிக்க வேண்டாம். அமெரிக்க மண்ணில் இருந்த நாட்களை மட்டும் கழித்தால் போதும்.

"அதுதான் ஏஜென்சியில் 2 வருடம் இருக்கிறதே" என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லலாம். நாற்காலி அதே நாற்காலி, மேஜை அதே மேஜை என்பது உண்மைதான். ஆனால் சம்பளம் போட்டது வேறு நிறுவனம். உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள், அந்த 2 வருடத்துக்கு ஏஜென்சியின் பெயர்தான் இருக்கும். ஃபார்ம் 16-லும் அப்படியே. கையில் தெளிவான 365 நாள் வரப்போகும்போது, அந்த வாதத்தை நம்பி மனுவைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

அந்த 86 நாளைப் பற்றி இன்னொன்று. பி-1 என்பது மீட்டிங், பேச்சுவார்த்தை, மாநாடு போன்றவற்றுக்கான விசா. அங்கே உட்கார்ந்து அன்றாட வேலை பார்ப்பதற்கு அல்ல. உங்கள் பயோடேட்டாவில் "நியூஜெர்சி ஆபீசில் 3 மாதம் பணிபுரிந்தேன்" என்று பெருமையாக ஒரு வரி இருந்தால், அது உங்களுக்கு எதிராகவே திரும்பும். அங்கே உண்மையில் என்ன செய்தீர்களோ அதை அப்படியே எழுதுங்கள். தினமும் உற்பத்திக்குப் போகும் தேயிலையை டேஸ்ட் பண்ணி ஓகே சொல்லும் வேலையைத்தான் பார்த்தீர்கள் என்றால், அதை மறைக்காமல் கம்பெனி வக்கீலிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இனி, நான் இந்த பதிலை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். எல்-1-ல் இரண்டு வகை. நிர்வாகிகளுக்கும் மேலாளர்களுக்கும் எல்-1ஏ, அதிகபட்சம் 7 வருடம். நிறுவனத்துக்கே உரிய சிறப்பு அறிவு உள்ளவர்களுக்கு எல்-1பி. முதலில் 3 வருடம், பிறகு 2, மொத்தம் 5. உங்களுடையது எல்-1பி. இதில் பலர் சறுக்குவது "சிறப்பு அறிவு" என்ற சொல்லில். 20 வருடம் டீ ருசித்தவர் என்பது அருமையான திறமை. ஆனால் அது தொழிலின் திறமை. குன்னூரில் எத்தனையோ பேரிடம் அது உண்டு. அதிகாரி தேடுவது உங்கள் கம்பெனியின் பொருளையும் முறையையும் பற்றிய, வெளியே சுலபத்தில் கிடைக்காத அறிவை. உலகத்திலேயே உங்களுக்கு மட்டும் தெரிந்ததாக இருக்க வேண்டும் என்பதில்லை, ரகசியமாகவும் இருக்க வேண்டியதில்லை. மற்ற டேஸ்டர்களிடம் சாதாரணமாக இல்லாததாகவோ, உங்கள் கம்பெனி ஆட்களுக்குள்ளேயே ஒரு படி மேலானதாகவோ இருக்க வேண்டும்.

உங்கள் டேஸ்டிங் அறையையே எடுத்துக்கொள்வோம். காலையில் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரே எடைத் தூள், ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரம். கரண்டியில் எடுத்து சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்கிறீர்கள். இதுவரை எல்லா டேஸ்டரும் செய்வதுதான். ஆனால் அமெரிக்காவில் டீ என்றால் பெரும்பாலும் ஐஸ் டீ. நீலகிரித் தேயிலை ஆறினாலும் கலங்காமல் தெளிவாக நிற்கும் என்பதால்தான் அங்கே அதற்குக் கிராக்கி. உங்கள் கம்பெனியின் ஐஸ் டீ பிளெண்டுக்கு எந்த லாட் ஒத்துவரும், மழைக்கால இலை வந்து ஸ்ட்ரெங்த் குறையும்போது எதைக் கூட்டி எதைக் குறைக்க வேண்டும், ஐஸ் போட்டபின் தெளிவு நிற்கிறதா என்று கம்பெனியின் எந்த முறையில் சோதிக்கிறார்கள், அந்த முறையை வகுத்ததில் உங்கள் பங்கு என்ன? இதுதான் மனுவோடு கம்பெனி தரும் கடிதத்தில் வர வேண்டிய விஷயம். கூடவே, புதிதாக ஒருவரை எடுத்து இதைப் பழக்க எத்தனை மாதம் ஆகும், நீங்கள் எத்தனை பேரைப் பழக்கினீர்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அதிகாரிக்கு அது சட்டென்று புரியும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கோத்தகிரிக்காரர் ஒருவரின் கடிதத்தை மனு திரும்பி வந்த பிறகுதான் என்னிடம் காட்டினார்கள். வேறொரு ஊரில் சாஃப்ட்வேர் எஞ்சினியருக்கு எழுதியதை எடுத்துப் பெயரையும் பதவியையும் மாற்றியிருந்தார்கள். அவருடைய தொழிலைப் பற்றி அதில் ஒரு வரி உருப்படியாக இல்லை. எனக்கு மனசே கேட்கவில்லை. நல்ல கைகாரர், ஒரு வருடம் வீணானது. அதனால், கையெழுத்துப் போடுவது கம்பெனிதான் என்றாலும், மனு போவதற்கு முன் கடிதத்தை வாங்கி ஒருமுறை படியுங்கள். இன்டர்வியூவில் கேள்வி உங்களிடம்தான் வரும்.

மனு இரண்டு வழியில் போகும். பெரிய நிறுவனங்களுக்கு பிளாங்கெட் அனுமதி, அதாவது ஆளுக்கு ஆள் தனி மனு போடாமல் நிறுவனம் மொத்தமாக வாங்கி வைத்த அனுமதி, இருக்கும், அப்படியானால் நேராகத் தூதரகத்துக்கே போகலாம். இல்லாவிட்டால் ஐ-129 மனுவை அமெரிக்கக் குடிவரவுத் துறை பார்த்து அனுமதித்த பிறகு விசா. பிரீமியம் கட்டணம் கட்டினால் 15 வேலைநாளில் ஏதாவதொரு பதில் வரும். பிளாங்கெட்டில் போகும் எல்-1பி-க்கு அந்தப் பணி பட்டப்படிப்பைக் கேட்கும் தொழில்முறைப் பணியாக இருக்க வேண்டும். உங்கள் வேலை ருசியும் அனுபவமும் சார்ந்தது என்பதால், தனி மனுவே பாதுகாப்பு என்பது என் கருத்து. எச்-1பி வேலை விசா போல இதில் குலுக்கலோ வருடாந்தர எண்ணிக்கை வரம்போ கிடையாது. அதனால் அவசரப்பட ஒன்றுமில்லை.

அங்கே போனபின் ஏதாவதொரு வாடிக்கையாளரின் பேக்கிங் ஆலையில் உங்களை உட்கார வைக்கும் யோசனை இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2004-ல் வந்த சட்டத்திருத்தப்படி, எல்-1பி ஆளைப் பெரும்பாலும் வெளி நிறுவனத்தின் இடத்தில் வைத்து, அவர்கள் மேற்பார்வையில் வேலை வாங்க முடியாது.

குடும்பத்துக்கு எல்-2. உங்கள் மனைவி அங்கே வேலை பார்க்கலாம். 2021 நவம்பரிலிருந்து இதற்குத் தனி அனுமதி அட்டை வாங்க வேண்டியதில்லை. நுழையும்போது கிடைக்கும் ஐ-94 பதிவில் 'எல்-2எஸ்' என்று இருக்கிறதா என்பதை மட்டும் அன்றே பார்த்துவிடுங்கள். ஆசிரியை வேலைக்கு அந்தந்த மாநிலத்தின் லைசென்ஸ் வேறு வேண்டும். மகள் படிக்கலாம், வேலை பார்க்க முடியாது. மகன் விஷயம்தான் யோசிக்க வேண்டியது. 21 முடிந்த அன்று எல்-2 தகுதி போய்விடும். சில மாதங்களுக்காக அவன் கல்லூரியை நடுவில் நிறுத்திக் கூட்டிப் போக வேண்டாம். இங்கே டிகிரியை முடித்துவிட்டு, விருப்பமிருந்தால் மாணவர் விசாவில் வரட்டும்.

பட்டா, சிட்டா வேண்டாம். ஊருக்குத் திரும்பி வருவேன் என்று நிரூபிக்கும் பாரம் எல்-1 விண்ணப்பதாரருக்குக் கிடையாது. சுற்றுலா விசாவுக்குப் போனவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் பலரும் சொத்துப் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நீங்கள் எடுக்க வேண்டியவை ரோலில் சேர்ந்த நாளிலிருந்து சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, பி.எஃப். பாஸ்புக், அமெரிக்கா போய் வந்த தேதிகளுக்கு ஐ-94 பயண விவரம், அனுமதிக் கடிதம், கம்பெனிக் கடிதத்தின் நகல்.

சென்னைத் தூதரகத்தில் தேதி ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தால் ஒரு நாள் முன்னதாகவே மலையிறங்கிவிடுங்கள். பர்லியார் பக்கம் மண் சரிந்தால் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க முடியாது. செல்போனைத் தங்கும் இடத்திலேயே வைத்துவிட்டுப் போங்கள், உள்ளே விடமாட்டார்கள்.