மூன்று நாளில் கலையும் அட்டவணையை என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 26 வயது. பி.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டு வீட்டிலிருந்தே குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். இரண்டு முறை எழுதியும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் காலை 4 மணிக்கு எழுவது, நாளைக்கு 10 மணி நேரம் படிப்பது என்று அட்டவணை போடுகிறேன். மூன்று நாள் ஓடும். நாலாம் நாள் வீட்டுக்கு யாராவது வருவார்கள், அல்லது தலைவலி வரும்; அதோடு சரி. ஊக்கமூட்டும் வீடியோ பார்த்தால் வேகம் வருகிறது, போனைக் கீழே வைத்ததும் போய்விடுகிறது. சந்தோஷமாக இருந்தே ரொம்ப நாளாகிறது. ஊக்கத்தை எப்படி வரவழைப்பது? பக்கத்து டியூஷன் சென்டரில் மாலையில் கணக்கு எடுக்கக் கூப்பிடுகிறார்கள். போனால் படிப்பு கெட்டுவிடுமா?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: உங்கள் கடிதத்தில் சோம்பேறித்தனம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சோம்பேறியாக இருப்பவர் திரும்பத் திரும்ப அட்டவணை போட்டுக்கொண்டிருக்க மாட்டார். முதலில் ஊக்கம் வர வேண்டும், அது வந்தால்தான் படிக்க முடியும் என்று நீங்கள் நம்புகிறீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நடைமுறையில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது. புத்தகத்தைத் திறந்து ஐந்தாறு நிமிடம் கடந்த பிறகுதான் மனம் அதில் ஒட்டத் தொடங்கும். வீடியோ தரும் வேகம் அந்த வீடியோவோடு முடிந்துவிடும், ஏனென்றால் அதில் நீங்கள் எதையும் செய்யவில்லை, பார்த்தீர்கள், அவ்வளவுதான்.

எனவே 4 மணி, 10 மணி நேரம் இரண்டையும் இப்போதைக்குக் கைவிடுங்கள். இரவு 12 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுந்தால் நான்கு மணி நேரத் தூக்கம்தான் மிஞ்சும். வயது வந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பகலில் படித்ததை மூளை நிலைநிறுத்திக்கொள்ளும் வேலையில் முக்கியமான பகுதி தூக்கத்தில் நடக்கிறது. நாலாம் நாள் வரும் தலைவலி எங்கிருந்து வருகிறது என்பதை இதை வைத்து நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அட்டவணைக்குப் பதில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து ஆராய்ந்து வரும் முறை இது. 'இன்று நன்றாகப் படிப்பேன்' என்று முடிவெடுப்பதைவிட, 'இது நடந்ததும், இந்த இடத்தில், இதைச் செய்வேன்' என்று முடிவெடுப்பவர்கள் செய்து முடிப்பது அதிகம். 2006-ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதுவே தெரிந்தது. உங்கள் வாக்கியம் இப்படி இருக்கலாம்: 'காலையில் காபி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும், ஜன்னலோரம் பாயைப் போட்டு உட்கார்ந்து, தமிழ்ப் பாடப்புத்தகத்தைப் பத்து நிமிடம் படிப்பேன்.' மணி பார்த்து வைத்தால் ஒரு நாள் தவறினாலும் மனம் விட்டுப்போகும். டம்ளர் கழுவுவது விருந்தாளி வந்த நாளிலும் நடக்கும்.

பத்து நிமிடத்தில் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். பத்து நிமிடம் தொடங்குவதற்காகத்தான். பல நாள் அது முக்கால் மணி நேரமாக நீளும், சில நாள் பத்தோடு நிற்கும். இரண்டுமே சரிதான். நாளின் கணக்கை 'எத்தனை மணி நேரம்' என்று போடாமல் 'உட்கார்ந்தேனா' என்று போடுங்கள்.

அந்த நேரத்தில் எப்படிப் படிப்பது என்பது இன்னும் முக்கியம். எட்டுத்தொகை நூல்களைப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தை ஒருமுறை படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, பழைய நோட்டில் எட்டுப் பெயரையும் எழுதிப் பாருங்கள். நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, அகநானூறு, புறநானூறு கடகடவென்று வரும். கலித்தொகை சற்று யோசித்தால் வரும். பதிற்றுப்பத்தும் பரிபாடலும் தொண்டையில் நிற்கும். உடனே திறந்து பார்க்காமல் ஒரு நிமிடம் தேடுங்கள், பிறகு திறந்து விட்டதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அடுத்து, இவற்றில் புறம் பாடுபவை எவை? பதிற்றுப்பத்தும் புறநானூறும். அகமும் புறமும் கலந்தது? பரிபாடல். மிச்சம் ஐந்தும் அகம். மறுநாள் காபி டம்ளர் கழுவியதும் முதல் வேலை, புதுப் பக்கத்துக்குப் போகும் முன் அந்தச் சிவப்பு மைச் சொற்களை மட்டும் பார்க்காமல் எழுதிப் பார்ப்பது.

இப்படித் தேடித் தவிப்பது தோல்வி மாதிரி இருக்கும், ஆனால் நினைவில் பதிவது அப்போதுதான். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு பத்து மணி நேரம் உட்காரும் பலர், முதல் கூட்டம் போலத்தான் படிக்கிறார்கள். நன்றாகப் படித்த நிறைவு கிடைக்கிறது, தேர்வறையில் கைவிடுகிறது. உங்கள் உழைப்பு இப்படி வீணாவதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

போனைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். வகுப்பு வீடியோவும் வினாத்தாளும் அதில்தானே வருகின்றன. வேண்டிய வீடியோவை முந்தைய நாள் மாலையே தரவிறக்கி வையுங்கள். டெலிகிராம் குழுக்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து வெளியேறுங்கள். எல்லாக் குழுவிலும் வருவது பெரும்பாலும் ஒரே பிடிஎஃப்தான். உட்காரும் நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். இரவில் தலையணைக்குப் பக்கத்திலும் வேண்டாம், அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் போதும்.

'நாலாம் நாள் யாராவது வருவார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்ணின் நேரம் தெருக்குழாய்த் தண்ணீர் மாதிரி, யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். கடைக்குப் போ, பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ, வந்தவர்களுக்குக் காபி போடு. இதற்கு உங்கள் மன உறுதியைக் குறை சொல்லிப் பயனில்லை. 'நாள் முழுக்க என்னைத் தொந்தரவு பண்ணாதீர்கள்' என்றால் எந்த வீட்டிலும் நடக்காது. அம்மாவிடம் உட்கார்ந்து பேசி, காலை ஒரு இரண்டு மணி நேரத்தை மட்டும் கேளுங்கள். எந்த இரண்டு மணி நேரம் அவருக்குத் தோதுப்படும் என்று அவரையே சொல்ல விடுங்கள். அவர் சொன்ன நேரமாக இருந்தால், வந்தவர்களிடம் 'அவள் படிக்கிறாள், நான் காபி போடுறேன்' என்று அவரே சொல்லிவிடுவார். அதுவும் முடியாத வீடு என்றால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஊர் நூலகத்துக்குப் போய்விடுங்கள்.

இத்தனை செய்தும் ஒரு நாள் தவறும். தவறட்டும். ஒரு பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்று சொல்வார்கள். முக அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற மருத்துவர் 1960-ல் எழுதியது, கைமாறிக் கைமாறி இப்படி ஆகிவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்தபோது, புதுப் பழக்கம் தானாக வரும் நிலைக்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளைப் பொறுத்தும் பழக்கத்தைப் பொறுத்தும் இது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. உங்களுக்கு வேண்டிய செய்தி இன்னொன்று அதில் இருக்கிறது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவது பெரிதாகக் கெடவில்லை. ஆகவே நாலாம் நாள் தவறினால் புது அட்டவணை போடாதீர்கள், ஐந்தாம் நாள் டம்ளரைக் கழுவிவிட்டு உட்காருங்கள். ஒரே வாரத்தில் நாலைந்து நாள் தவறினால், தேர்ந்தெடுத்த நேரமோ இடமோ உங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம், அதை மாற்றுங்கள்.

சந்தோஷமாக இருந்தே ரொம்ப நாளாகிறது என்ற வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பலர், வேலை கிடைத்த பிறகு சிரித்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் தள்ளி வைக்கிறார்கள். கல்யாணத்துக்குப் போவதில்லை, போனால் 'என்னம்மா பண்ற' என்று கேட்பார்கள். தோழியிடம் பேசுவதில்லை, அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. பிடித்ததைச் செய்வது குறையக் குறைய மனம் சோரும், சோரச் சோர இன்னும் குறையும் என்று உளவியலாளர் பீட்டர் லெவின்சன் 1970களில் விளக்கினார். அதை ஒட்டி வளர்ந்த சிகிச்சை முறை மனச்சோர்வுக்கு இன்றும் பயன்படுகிறது. அதன் சாரம், மனம் சரியானதும் செய்யலாம் என்று நிற்காமல் சின்ன அளவில் இப்போதே திரும்பத் தொடங்குவது. மார்கழி இல்லாவிட்டாலும் ஒரு நாள் பெரிய கோலமாகப் போடுங்கள். மாலையில் தோழியோடு அரை மணி நேரம் நடங்கள், தேர்வைப் பற்றிப் பேசாமல். உறவினர் கேள்விக்கு 'படிச்சிட்டிருக்கேன் அத்தை, அண்ணன் எப்படி இருக்காங்க?' என்று ஒரே பதிலை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்கள் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் மாறி, இருந்து என்ன பயன் என்ற நினைப்பும் வந்தால், அது பழக்கவழக்கத்தால் சரிசெய்கிற விஷயமில்லை. அந்த நினைப்பு ஒருமுறை வந்தாலே இரண்டு வாரம் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

டியூஷன் வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். குரூப் 4-ல் 200 கேள்விகள், அதில் 100 தமிழ், 75 பொது அறிவு, 25 கணக்கும் திறனறிவும். தனிவட்டியும் விகிதமும் சதவீதமும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி வாரக்கணக்கில் கரும்பலகையில் போட்டுக்காட்டினால், அந்த 25-க்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்காது. கையில் சொந்தப் பணம் இருக்கும். மாலையில் சட்டையைப் பிடித்து இழுத்து 'மிஸ், இது எப்படி வந்துச்சு' என்று கேட்க நாலு பிள்ளைகள் இருப்பார்கள். சேரும்போதே இரண்டு விஷயத்தைப் பேசிவிடுங்கள்: நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுக்க முடியாது, தேர்வுக்கு முந்தைய ஒரு மாதம் விடுப்பு வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டால் இந்த வாரமே போய்ச் சேருங்கள்.