புவிண்டியில் கொரில்லாவைப் பார்த்த இடத்தை, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் குறிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். உகாண்டாவின் அந்தப் பூங்கா எல்லை, புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ன்குரிங்கோ ஆகிய நான்கு பகுதிகளுக்கான சாலைகள், தங்குமிடங்கள் எல்லாவற்றையும் தாராளமாகக் குறியுங்கள். பயணிகளுக்கு அதுவே போதும்.

கொரில்லாக் குடும்பம் தினமும் இடம் மாறும். இரவுக்கு இரவு புதுப் படுக்கை கட்டும். முந்தைய நாள் விட்ட இடத்திலிருந்து தடம் பார்த்துத்தான் காலையில் ஆட்கள் தேடிப் போகிறார்கள். ஆகவே நீங்கள் வைக்கும் புள்ளி அடுத்த பயணிக்கு உதவாது. திருட்டு வேட்டைக்காரனுக்கோ அந்தக் குடும்பம் திரியும் வட்டாரத்தைக் காட்டிக்கொடுக்கும். 2020இல் ரஃபிக்கி என்ற வெள்ளிமுதுகு (முதிர்ந்த) ஆண் கொரில்லா, வேட்டைக்கு நுழைந்தவனின் ஈட்டிக்கு அங்கேதான் பலியானது. மலைக் கொரில்லாக்கள் உலகில் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம்தான்.

ஜிபிஎஸ் நடைத்தடத்தைப் பதிவேற்றாதீர்கள். படங்களில் ஒட்டியிருக்கும் இடத்தகவலையும் நீக்கிவிடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.